வாசல் வரைக்கும் வந்த தண்ணீர்

டாங்கர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இருட்டோடும் வரும், விடிந்தும் வரும். அதனால் குடங்கள் முந்தின சாயங்காலமே வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். குடம் போதாத வீட்டுக்காரர்கள் ஓட்டை வாளி, விளிம்பு போன சட்டி, இல்லாவிட்டால் ஒரு கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். கல்லுக்கும் குடத்துக்கு உள்ள மரியாதை உண்டு. எது யார் கல் என்று காலனியின் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

எழுபத்திமூன்றாம் வருஷக் கோடை. முந்தின வருஷம் மழை பொய்த்திருந்தது. ஹப்சிகுடாவைத் தாண்டி உப்பல் போகிற சாலையில், தொழிற்சாலைக்கு ஒரு மைல் தள்ளி இருந்தது அதன் ஊழியர் காலனி. கிணற்றுக்காக வெடி வைத்த இடத்தில் பாறைக்குக் கீழே பாறைதான் இருந்தது. ஆழ்குழாய் இரண்டும் மாசிக் கடைசியில் காற்றை மட்டும் துப்பின. அதற்கப்புறம் லாரி.

ராஜாராமன் எழுந்திருக்கும்போது வீட்டில் தண்ணீர் இருக்கும். குளிக்க அரை வாளி என்று அவரே விதி செய்திருந்தார். அதை மீறமாட்டார். பாத்திரம் கழுவுவதை மிச்சம் பிடிக்கச் சாப்பாடு தையல் இலையில். அரிசி களைந்த தண்ணீரில் மனைவி நீலா புளி கரைத்தாள். காய் கழுவின தண்ணீர் முருங்கைக்குப் போயிற்று. சில ராத்திரிகளில் சோறு வடிக்காமல், பின்வரிசையில் ஒரு தெலுங்கு அம்மாள் சோளமாவில் சுட்டு விற்கும் ஜொன்ன ரொட்டி வாங்கித் தின்றார்கள். தண்ணீர் விஷயத்தில் தம் வீடு நன்றாகத் திட்டமிட்டு நடக்கிறது என்பது ராஜாராமனின் எண்ணம்.

திட்டம் அவர் தொழில். தொழிற்சாலையில் பிளானிங் பிரிவில் எஞ்சினியர். பெர்ட் என்கிற முறையை ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து அவர் கண்ணுக்கு உலகம் வட்டங்களும் அம்புகளுமாகத் தெரிந்தது. ஒரு வேலை முடிந்தால் ஒரு வட்டம். வட்டத்திலிருந்து வட்டத்துக்குப் போகும் அம்பு, இடையில் செய்யவேண்டிய வேலை. எல்லாப் பாதைகளிலும் நீளமான பாதை எதுவோ அதைச் சிவப்புப் பென்சிலால் இழுக்கவேண்டும். அந்தப் பாதையில் ஒரு நாள் பிந்தினால் மொத்தமும் ஒரு நாள் பிந்தும். திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறபோதுகூட ஒரு சார்ட் போட்டார். நல்ல தடித்த தாள். ஊரிலிருந்து திரும்பி வந்ததும் நீலா அதை அடுக்களை அலமாரித் தட்டில் விரித்து, மேலே சாமான் டப்பாக்களை அடுக்கினாள்.

சித்திரை பிறந்த மறுவாரம் பிளானிங் மேனேஜர் வெங்கடராமன் அவரைக் கூப்பிட்டார். கும்பகோணத்துக்காரர். மூக்குப்பொடி மட்டையைத் தட்டிக்கொண்டே பேசுவார்.

"ஓய், டெல்லி நம்ம தண்ணியைத் திருப்பி அனுப்பிடுத்து."

காலனிக்கு மெயின் லைனிலிருந்து தனிக் குழாய் இழுத்து ஒரு மேல்தொட்டி கட்ட, டெல்லித் தலைமை ஆபீசின் அனுமதிக்குப் போயிருந்த திட்டம் அது. ராஜாராமன் தயாரித்தது. சார்ட்டும் அவர் போட்டதுதான்.

"சார்ட்ல ஏதாவது தப்பா சார்?"

"சார்ட்டை எவன் பாத்தான்? ரெண்டே கேள்வி கேட்டிருக்கான். இதைப் பண்ணினா உற்பத்திக்கு என்ன லாபம்? பண்ணாட்டா என்ன நஷ்டம்? நீர் எழுதியிருக்கீர், குடியிருப்போர் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்னு. கஷ்டத்துக்கெல்லாம் டெல்லியில தலைப்புக் கிடையாது ஓய். எந்த மிஷினாவது நின்னுதா? எவனாவது தண்ணி பிடிக்கப் போயி வேலைக்கு லேட்டா வந்தானா? அதைச் சொல்லும்."

"நிச்சயம் வந்திருப்பாங்க சார். இவ்வளவு பஞ்சத்துல..."

"அப்போ எடுத்துப் போடும். மாசக் கடைசிக்குள்ள போகணும். இந்த வருஷ பட்ஜெட்ல ஏறலேன்னா அடுத்த கோடைக்கும் லாரிதான்."

ராஜாராமன் நேரே டைம் ஆபீசுக்குப் போனார். கேட்டை ஒட்டிய சின்ன அறை. டைம் கீப்பர் துரைராஜ் அங்கே இருந்தார். அவர் அப்பா வேலூர்ப் பக்கமிருந்து லாலாகூடா ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு வந்தவர். துரைராஜ் பிறந்ததே ரயில்வே காலனியில். இப்போது இந்தக் காலனியில், ராஜாராமன் வீட்டுக்கு எதிர்வரிசையில் குடியிருந்தார்.

"லேட்டா? நம்ம காலனி ஆளுங்களா?" துரைராஜ் சிரித்தார். "பஸ்ல வர்றவன் லேட்டு சார். அமீர்பேட்லேர்ந்து வர்றான், லேட்டு. காலனி ஆளு ஒருத்தன் லேட் கெடையாது. சொல்லப்போனா போன வருஷத்தவிட இந்த வருஷம் கரெக்டா வந்துகினு இருக்கான்."

"எப்படி?"

"விடியக்காலம் லாரி வந்து ஹாரன் அடிக்குதே சார். அதுலியே முழிப்பு வந்துடுது."

ராஜாராமன் நம்பவில்லை. கார்டுகளை வாங்கி, பெட்டி பெட்டியாகப் புரட்டினார். துரைராஜ் சொன்னது சரி.

ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் போர்மேன் அப்துல் ரஹீமைக் கேட்டார். ரஹீமும் காலனிவாசிதான். வாலிபத்தில் பெரம்பூரில் சில வருஷம் வேலை பார்த்தவர். தமிழ் அங்கே கற்றது.

"தண்ணியால லேட்டா? கைக்கு, எதுக்கு சாப்?" வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரஹீம் வியப்பாகக் கேட்டார். "அது பேகம் பாக்குற டிபார்ட்மெண்ட். நாம எழுந்தா பானை ரொம்பி இருக்கும். ஆண்டவன் நிறைக்கிறானா, பேகம் நிறைக்கிறாளான்னு நான் கேக்குறது இல்ல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜாராமனும் சிரித்தார். தம் இடத்துக்குத் திரும்பி வந்து தாளை எடுத்து வைத்துக்கொண்டார். உற்பத்தி இழப்பு என்கிற தலைப்புக்கு நேரே எழுத ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நீலா அடுக்களைச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துரைராஜின் மனைவி ராஜம். ராஜாராமனைப் பார்த்ததும் ராஜம் எழுந்து முந்தானையை இழுத்துக்கொண்டாள், ஆனால் போகவில்லை.

"காப்பி போடட்டுமா அத்தான்?"

"பொறு. மெதுவா எந்திரி." அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "தண்ணித் திட்டம் திரும்பி வந்துட்டு."

"என்னத்துக்காம்?"

அவர் சொன்னார். வேலைக்கு யாரும் பிந்தி வரவில்லை, அதனால் நஷ்டம் இல்லை, நஷ்டம் இல்லாததால் குழாய் இல்லை. சொல்லும்போதே தம் குரலில் ஒரு சங்கடம் இருப்பது அவருக்குத் தெரிந்தது.

நீலா கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப எல்லாரும் சொகமாத்தான் இருக்கோம்னு கணக்கு."

"கணக்குல அப்படித்தான் வருது."

"நல்ல கணக்கு சார்!" ராஜம் பொறுக்கமாட்டாமல் சொன்னாள். "நீலாக்கா படுற அவஸ்தை எந்தக் கணக்குல வருது? டாக்டரம்மா கொடம் தூக்கவே கூடாதுன்னு சொல்லி ஒரு மாசம் ஆவுது. சொன்னியாக்கா இவருகிட்ட? சொல்லியிருக்க மாட்டே."

"ஏ ராஜம், சும்மா இரி."

"இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? கர்ப்பப்பை எறங்கிகினு இருக்குதாம் சார். இன்னம் தூக்கினா ஆபரேசன்னு சொல்லிட்டாங்கோ. விடிஞ்சா ஏழு கொடம். எங்கூடத்தான் வருது. பாதி வழியில எறக்கி வச்சிட்டு, ஒண்ணுமில்லாத மாதிரி பாறையப் பாத்துகினு நிக்கும்."

ராஜம் போய்விட்டாள். மகள், ஒன்பது வயது ரமா, வெளியே பிள்ளைகளோடு தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க?"



"ஒரு ஆள் வச்சிக்கிடலாமே."

"ஆளுக்கு எங்க போக? அவங்க வீட்டுக்கும் தண்ணி வேண்டாமா? அந்த நேரத்துல ஊரே அந்த லாரியிலதான் நிக்குது." கத்தியை எடுத்துக்கொண்டாள். "கொழாய் வந்தாச் சரியாப் போவும்னு இருந்தேன். நீங்கதான் எழுதுதீங்க, எப்படியும் வந்துரும்னு ராஜத்துட்டயும் சொல்லிவச்சேன்."

மறுநாள் ராஜாராமன் ஒரு பத்தி எழுதினார். காலனிப் பெண்களின் உடல்நலம் கெடுகிறது, மருத்துவரின் எச்சரிக்கை உள்ளது என்று. வெங்கடராமன் படித்துவிட்டுப் பென்சிலால் மெதுவாக அடித்தார். கோபமாக அடிக்கவில்லை.

"உம்ம ஆத்துலயா?"

"ஆமா சார்."

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அவா நம்ம எம்ப்ளாயி இல்லையே ஓய். டெல்லியில உக்காந்திருக்கறவன் கேப்பான், இந்த அம்மாள் எந்த மிஷின்ல வேலை பாக்கறாள்னு. என்ன சொல்லுவீர்?" பொடியை உறிஞ்சினார். "ஒண்ணு பண்ணும். பத்து பர்சென்ட் ஆளுக தாமதமா வரான்னு போடும். குழாய் வந்துடும்."

"வரலையே சார்."

"யார் வந்து பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

வெங்கடராமன் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. யோசியும்" என்றார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது ராஜாராமன் இதையும் நீலாவிடம் சொன்னார். பொய் எழுதமுடியாது என்றும் சொன்னார். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள், பிந்தி வந்தால்தான் நஷ்டமா என்று. ஆமாம் என்றார்.

"அப்ப நாங்க தூக்குததுனாலதான் கொழாய் வரல."

அவர் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவள் சட்டியை மூடிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

பெண்கள் என்ன பேசினார்கள், எப்போது பேசினார்கள் என்பது ஆண்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பேசியது லாரி வரிசையில். தெலுங்கு, உருது, தமிழ் என்று எல்லாப் பாஷையிலும் பேசியிருக்கவேண்டும்.

திங்கட்கிழமை லாரி ஹாரன் அடித்தது. ராஜாராமன் புரண்டு படுத்தார். மறுபடி அடித்தது. கண்ணைத் திறந்தால் நீலா பக்கத்துப் பாயில் விழித்தபடி படுத்திருந்தாள்.

"லாரி வந்திருக்கு."

"ஆமா."

"போகலியா?"

"தூக்கக் கூடாதுன்னுல்லா டாக்டரம்மா சொல்லியிருக்கா. நீங்க போங்க. கொடம் வரிசையில இருக்கு."

"எது நம்ம கொடம்?"

"கழுத்துல நீலத் துணி கெட்டியிருக்கும். கல்லு ஒண்ணு உண்டு, பாதி வெள்ளையா."

வெளியே வந்தால் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. லுங்கியும் பனியனுமாக ஆண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. லாரியடியில் பெரிய குழப்பம். யார் கல் எது என்று யாருக்கும் தெரியாது. பாதி வெள்ளைக் கற்களே நாலைந்து இருந்தன. ஒரு ஃபிட்டரும் ஒரு ஸ்டோர் கீப்பரும் ஒரே குடத்தைப் பிடித்து இழுத்தார்கள். லாரி டிரைவர் ஸ்டியரிங்கில் கையைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தான். ரஹீம் இரண்டு கையிலும் வாளியோடு நின்றார்.

"என் பேகம் ஸ்ட்ரைக் சாப். உங்க வீட்டுல?"

"எங்க வீட்டுலயும்தான்."

"ஹவ், ஆமா. அப்ப யூனியன் பெரிசு."

தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் நிரம்பாத குடங்களை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். முகம் கழுவாமல் ஓடினார்கள். ஆனால் நேரத்துக்குப் போய்விட்டார்கள். அன்று முழுக்கக் காலனியில் தண்ணீர் இல்லை. கீழே போட்ட குடங்களைப் பெண்கள் எடுக்கவும் இல்லை.

சாயங்காலம் வேப்பமரத்தடியில் ஆண்கள் கூடினார்கள். ராஜாராமன் ஒரு சார்ட் தாளோடு வந்தார்.

அதைப் போட அவருக்கு இரண்டு மணி நேரம் போதுமாயிருந்தது. லாரிக்குப் பின்னால் இரண்டு வால்வு இருக்கிறது, டிரைவர் ஒன்றைத்தான் திறக்கிறான். இரண்டையும் திறக்கவேண்டும். நிரப்புகிறவன் வேறு, சுமக்கிறவன் வேறு. இரண்டாம் ஷிப்ட்காரர்கள் நிரப்பட்டும். காலை ஷிப்ட்காரர்கள் ஒவ்வொரு வரிசைக்கும் சங்கிலியாக நின்று குடத்தைக் கைமாற்றி வாசல்களில் வைத்துக்கொண்டே போகட்டும். எந்த வேலை எதற்காகக் காத்திருக்கும், எது எதோடு சேர்ந்து நடக்கும் என்று அம்பு அம்பாகக் காட்டினார். கடைசி வட்டத்தில் "தண்ணீர் வீடு சேர்ந்தது" என்று எழுதியிருந்தது.

"ஷாபாஷ்" என்றார் ரஹீம். "இது முன்னமே ஏன் போடல சாப்?"

ராஜாராமனுக்கு மனசு குளிர்ந்தது. பொது இடத்தில் அவர் சார்ட்டை இத்தனை பேர் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மறுநாள் காலை அது அச்சு மாதிரி நடந்தது. குடங்கள் கைமாறிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. சங்குக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது. எல்லோரும் டீ குடித்துவிட்டே கிளம்பினார்கள். அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கேட்டில் துரைராஜ் ராஜாராமனைக் கூப்பிட்டுச் சொன்னார், "சார், காலனி ஆளுங்க இப்ப சங்குக்கு முந்தியே வந்து கேட்டாண்ட நிக்கிறாங்கோ."

ராஜாராமன் இரண்டடி நடந்தார். பிறகு நின்றார். நஷ்டம் வரட்டும் என்று நீலாவும் ராஜமும் செய்த ஏற்பாட்டை அவர் சிவப்புப் பென்சிலால் சரிசெய்துவிட்டார். இனி டெல்லிக்கு என்ன எழுத?

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக டிபன் பாக்ஸ்தான், வரமாட்டார். வாசலில் குடம் ஒன்றும் இல்லை. நீலா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முட்டியை வயிற்றோடு மடக்கியிருந்தாள். அடுப்படியில் ராஜம் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுது நீலா?"

"ஒண்ணுமில்ல. இப்பச் சரியாப் போவும்."

"நீதான் இப்ப தூக்குறதில்லையே. லாரிகிட்டயே போறதில்லையே."

ராஜம் கரண்டியோடு வெளியே வந்தாள். "வாசல்ல வச்சிட்டு ஓடிட்டீங்கோ. உள்ள யாரு கொண்டாந்தது சார், லாரி டிரைவரா?"

அவருக்கு முதலில் புரியவில்லை.

"மூணு படி இருக்குது. ஏழு கொடம். முந்தி லாரிலேர்ந்து இடுப்புல வச்சிகினு நேரா உள்ள வந்துடும். இப்ப தரையிலேர்ந்து குனிஞ்சு தூக்கணும். அதான் இன்னம் மோசம்."

"ராஜம், போ நீ, பொரியல் அடி பிடிக்கும்" என்றாள் நீலா.

ராஜாராமன் தரையில் உட்கார்ந்தார்.  வெளியே வெயிலில் பாறைகள் வெளுத்துக் கிடந்தன.

"நீ ஏன் வாசல்லயே விட்டுட்டு இருக்கல?"

"மாடு வாயை வைக்கும். பிள்ளைக கையை விடும். வாசல்ல இருந்தா அது தண்ணியா?"

"உள்ள கொண்டுவந்து என்ன செய்வே? ஒவ்வொண்ணாச் சொல்லு."

"என்ன இது, எங்கிட்டயும் சார்ட்டா?"

"சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். லாரித் தண்ணீர் கலங்கல். முதல் குடத்தை அண்டாவில் வேட்டித் துணி கட்டி வடிக்கவேண்டும். துணியை அலசவேண்டும், அலசின தண்ணீரைக் கொட்டக் கூடாது, கக்கூஸ் வாளிக்கு. படிகாரம் ஒரு சுற்று. தெளிகிறவரை அண்டாவை அசைக்கக் கூடாது. அதற்குள் அடுத்த இரண்டு குடம் குளியலறைத் தொட்டிக்கு. தொட்டி நெஞ்சு உயரம், குடத்தைத் தூக்கிக் கவிழ்க்கவேண்டும். தெளிந்ததும் மேல்தண்ணீரைப் பித்தளைப் பானைக்கு மாற்றவேண்டும். அடிவண்டலை முருங்கைக்கு. மற்ற நாலு குடத்தையும் உள்ளே மூடி வைக்கவேண்டும். காலியான குடங்களைக் கழுவிச் சாயங்காலம் வரிசையில் கொண்டுபோய் வைக்கவேண்டும்.

"இவ்வளவுதான்" என்றாள். "பெரிய வேலை ஒண்ணுமில்ல. விட்டு விட்டுச் செய்யணும், அதான்."

ராஜாராமன் பையிலிருந்து சார்ட்டை எடுத்து விரித்தார். கடைசி வட்டத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். வீடு சேர்ந்தது என்று எழுதியிருந்தார். வீடு என்று அவர் நினைத்தது வாசலை. அந்த வட்டத்திலிருந்து மேலே ஒரு அம்பு இழுத்தார். பிறகு இன்னொன்று. தாளில் அந்தப் பக்கம் இடம் இல்லை. பென்சிலைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு நான் செய்யறேன். பானை வரைக்கும்."

"ஆபீசு?"

"ஆபீசு இருக்கு."

"வேண்டாம் அத்தான். பிந்திப் போனா அரை நாள் சம்பளம் போவும். ஒங்க பேருக்கு ஒரு கறுப்பு இல்ல இத்தனை வருஷத்துல."

"ஒன் திட்டமே அதுதானேட்டி."

நீலா கண்ணைத் திறந்தாள். "அன்னைக்கு ஆத்திரத்துல செஞ்சது. வேணும்னு பிந்திப் போனா அதுவும் பொய்தானே. நீங்க பொய் எழுதமாட்டேன்னீங்க."

"வேணும்னு பிந்தப் போறதில்ல. இதை எல்லாம் செஞ்சு முடிச்சிட்டு எவ்வளவு சீக்கிரம் போக முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போவேன். ஓடுவேன்."

அவள் கொஞ்சம் சிரித்தாள். சிரித்ததில் வலித்திருக்கவேண்டும். கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வேப்பமரத்தடியில் ராஜாராமன் சார்ட்டில் தப்பு இருக்கிறது என்றார். வேலை வாசலோடு முடியவில்லை என்றார். சிலர் சலித்துக்கொண்டார்கள். இதென்ன, இனி அடுப்பும் ஊதவேண்டுமா என்று ஒருவர் கேட்டுவிட்டு எழுந்து போனார். ரஹீம் தாடியைச் சொறிந்தார்.

"சாப், உள்ள வரைக்கும் செஞ்சா டைம் மிஸ் ஆவுமே."

"ஆகும்."

"அப்ப பேகம் செய்யறப்ப டைம் எங்க போச்சு?"

"அதைத்தான் நம்ம கணக்குல காணோம்."

ரஹீம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை. முதல் குடத்தை இடுப்பில் வைத்துப் பார்த்தார் ராஜாராமன். நழுவிற்று. தோளில் வைத்தார். படி ஏறும்போது கால்வாசி தளும்பி முதுகில் வழிந்தது. வேட்டித் துணியை அண்டா வாயில் கட்டத் தெரியவில்லை. நீலா உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னாள். "முடிச்சு இல்ல, சுத்திச் செருகுங்க. ஐயோ, அப்படி இல்ல." ரமா சிரித்தாள். தொட்டியில் கவிழ்க்கும்போது விளிம்பில் குடம் இடித்து நெளிந்தது. இரண்டாம் குடத்தைப் பாதிப் பாதியாக மொண்டு ஊற்றினார். சங்கு ஊதியபோது படிகாரம் போட்ட தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது.

"போங்க அத்தான். மீதியை நான் கரண்டியால மொண்டு மாத்திக்கிடுதேன்."

"அசைக்கக் கூடாதுன்னியே."

தண்ணீருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். வண்டல் மெதுவாக இறங்கியது. அவருக்கு இப்படிச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. இதை முந்தி முடிக்க வழி உண்டா என்று மனம் தேடிற்று. வழி இல்லை. தெளிகிறபோதுதான் தெளியும்.

பானையை நிரப்பிவிட்டு, ஈரச் சட்டையோடு சைக்கிளை எடுத்து மிதித்தார். ஓட்டமாகத்தான் போனார்.

பெரிய கேட் சாத்தியிருந்தது. சின்னக் கதவு வழியாக டைம் ஆபீசுக்குப் போனார். அங்கே இன்னும் பதினைந்து இருபது பேர் நின்றார்கள். எல்லோரும் காலனிக்காரர்கள். சட்டை நனைந்திருந்தது, வேட்டியில் வண்டல் ஒட்டியிருந்தது. ரஹீம் பெருவிரலில் துணி சுற்றியிருந்தார். எல்லோரும் விலகி ராஜாராமனை முன்னால் விட்டார்கள். அவர் மறுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்குப் பின்னாலும் ஆட்கள் வந்தார்கள்.

அவர் முறை வந்ததும் துரைராஜ் எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், நீங்களா? உங்க பேரு இந்தப் பக்கத்துல வந்ததே இல்லியே."

"எழுதுங்க."

"ரீசன் இன்னான்னு போட?"

"வீட்டுத் தண்ணி எடுத்து வச்சேன். அதுதான்."

"எல்லாரும் அதான் சொல்றான். இதெல்லாம் ஒரு ரீசனா சார்? மேல கேப்பாங்கோ." துரைராஜ் குரலைத் தாழ்த்தினார். "பொம்பளைங்க பாக்குற வேலைன்னு கேப்பாங்கோ."

"கேக்கட்டும். கேட்டா எங்கிட்ட அனுப்புங்க. நாளைக்கும் இதே நேரத்துக்குத்தான் வருவேன்."

துரைராஜ் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார், எழுதாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுல இன்னிக்கு யாரு உள்ள வச்சது?" என்று ராஜாராமன் கேட்டார்.

"நான் எல்லாருக்கும் முந்தி இங்க வந்துடணுமே சார்."

"ஆமா."

துரைராஜ் குனிந்து எழுதத் தொடங்கினார். பேரை எழுதினார். காரணத்தை நிறுத்தி நிறுத்தி எழுதினார். நிமிராமலே சொன்னார், "ராஜத்துக்கும் இடுப்பு புடிச்சிகினு கெடக்குது சார். அதும் சொல்லுது, நான்தான் கேட்டுக்கல."

பிறகு தாளைத் திருப்பி ராஜாராமனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.